பழைய பொரித்த எண்ணெயில் இருந்து டீசல்: யாழ்ப்பாணத்தில் தொடங்குவோருக்கு

2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கான்களை வரிசையில் கட்டி வைத்துவிட்டு நானும் ஐயாவும் மாறி மாறி இரவில் காவல் இருந்தோம். தோட்டத்தில் வெங்காயம் தண்ணீருக்குக் காய்ந்தது. தாவர எண்ணெயில் இருந்து டீசல் செய்யலாமா என்று அந்த நாட்களில்தான் தேடத் தொடங்கினேன். செய்யலாம். ஆனால் நான் பார்த்த குறிப்புகளில் பாதி நம் ஊருக்குப் பொருந்தவில்லை. மூன்று தொகுதி எண்ணெய் பழுதாய்ப் போன பிறகுதான் எனக்கு வேலை பிடிபட்டது. அந்த மூன்று தொகுதிக் காசும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது சொந்த லான்ட்மாஸ்டருக்கோ (இருசில்லு உழவு மிசின்) டீசல் பம்புக்கோ, ஒரு தடவைக்கு 20 லீற்றர் அளவில் செய்யும் முறை. தொழிற்சாலைக்கான குறிப்பு அல்ல.

1. எதைச் செய்யப் போகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

‘புதுப்பிக்கத்தக்க டீசல்’, ‘பயோடீசல்’ இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைச் செய்ய எண்ணெயை ஐதரசன் வாயுவோடு சேர்த்து, 300 பாகை செல்சியஸுக்கு மேல், கடும் அழுத்தத்தில் வினைபுரிய வைக்க வேண்டும். கிடைப்பது பெற்றோலிய டீசலைப் போன்ற ஐதரோகாபன். பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் சிங்கப்பூரில் இதற்காகவே ஒரு பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கிறது. வீட்டில் இதற்கு வழியே இல்லை. யாராவது சிறிய இயந்திரம் ஒன்றைக் காட்டி இதைச் செய்யலாம் என்று விற்க வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

நாம் செய்யக்கூடியது பயோடீசல். எண்ணெயோடு மெதனோலும் (ஒரு வகை அல்ககோல்) கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 55 பாகையில் கலக்கினால், எண்ணெய் இரண்டாகப் பிரியும். மேலே மெல்லிய எரிபொருள், கீழே கிளிசரின். அவ்வளவுதான் இரசாயனம்.

அடுத்து பாசி. ‘கடலும் வெயிலும் இருக்கிற ஊர், பாசி வளர்த்து எண்ணெய் எடுக்கலாமே’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். 1000 லீற்றர் தொட்டியில் நுண்பாசி நன்றாக வளர்ந்தாலும், காய்ந்த நிறை லீற்றருக்கு அரைக் கிராம் அளவில்தான் நிற்கும். அதாவது முழுத் தொட்டிக்கும் 500 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 100 கிராம். ஒரு தேநீர்க் கோப்பை கூட நிறையாது. அந்த 500 கிராமைத் தண்ணீரில் இருந்து பிரித்துக் காயவைக்கும் சக்தியே எண்ணெயில் கிடைப்பதைத் தின்றுவிடும். எக்ஸன்மொபில் போன்ற பெரிய எண்ணெய் நிறுவனமே 2009 முதல் பாசிக்குச் செலவழித்துவிட்டு 2023 தொடக்கத்துக்குள் கைவிட்டது. வடக்குக் கரையில் கயிற்றில் வளர்க்கும் கடற்பாசி வேறு இனம். அதில் எண்ணெய் மிகக் குறைவு, அது கூழ்ப்பொருளுக்காக வளர்ப்பது.

இன்னும் இரண்டு இடத்தில் ஆட்கள் மாட்டுப்படுவார்கள். வடிகட்டிய எண்ணெயை அப்படியே டாங்கியில் விடாதீர்கள். அது டீசலை விடப் பத்து மடங்கு தடிப்பானது, கொஞ்ச நாளில் இஞ்செக்டரில் கரி பிடிக்கும். மற்றது, நம் தோட்டங்களில் ஓடும் சிறிய பம்புகளில் பெரும்பாலானவை மண்ணெண்ணெய்ப் பம்புகள். ஸ்பார்க் பிளக் உள்ள இஞ்சின் எதற்கும் பயோடீசல் ஆகாது. உங்கள் மிசினில் பிளக் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

2. எண்ணெய் சேருங்கள்

புது எண்ணெய் வாங்கிச் செய்தால் எந்தக் கணக்கும் கட்டாது. பொரித்துக் கழித்த எண்ணெய்தான் வழி. றோல்ஸ், வடை, பற்றிஸ் போடும் சிற்றுண்டிச்சாலைகள், திருமண மண்டபச் சமையல்காரர், கோழி பொரிக்கும் கடைகள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நிறைய எண்ணெய் கழியும். கொடியேற முன்னரே கடைக்காரரிடம் பேசி, மூடியுள்ள கான் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். கான் கொடுக்காவிட்டால் எண்ணெய் மழைத் தண்ணீரோடும் கழிவுச் சாப்பாட்டோடும் ஒரு திறந்த வாளியில் வந்து சேரும்.

முதலில் போன கடையில் முதலாளி என்னை நம்பவில்லை. “தம்பி, இதை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பப் பொரிக்கிற ஆக்கள் இருக்கினம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் நான்தான் பதில் சொல்ல வேணும்” என்றார். அவர் பயம் நியாயமானது. என்ன செய்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, செய்த டீசலில் ஒரு போத்தலும் கொண்டுபோய்க் காட்டினேன். இன்றைக்கும் அவரிடம்தான் எடுக்கிறேன்.

வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய், புன்னை எண்ணெய் பற்றியும் கேட்பீர்கள். இவற்றில் கட்டற்ற கொழுப்பமிலம், அதாவது எண்ணெயில் இருந்து தனியே பிரிந்து நிற்கும் அமிலம், அதிகம். நேரே காஸ்டிக் சோடா போட்டால் சவர்க்காரம்தான் வரும். முதலில் கந்தக அமிலத்தால் ஒரு சுற்று வினை செய்ய வேண்டும். அந்த அமிலம் போதைப்பொருள் தயாரிப்புக்கும் பயன்படும் என்பதால் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. வாங்குவது லேசல்ல, கையாள்வது அதைவிட ஆபத்து. புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

3. கடதாசி வேலைகள்

சொந்தப் பாவனைக்கு 20 லீற்றர் செய்தாலும் சும்மா தொடங்காதீர்கள். எனக்கு உதவியவை இவை.

கிராம அலுவலரிடம் போய் என்ன செய்கிறீர்கள், எந்தக் காணியில் என்று சொல்லி வதிவிட உறுதிப்பத்திரம் எடுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் உள்ள சுற்றாடல் உத்தியோகத்தரைச் சந்தித்து, உங்கள் அளவுக்கு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் “பரவாயில்லை தம்பி, செய்யுங்கோ” என்று சொன்னவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போகலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது, புதிதாக வந்தவரிடம் முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

வியாபாரமாகச் செய்ய நினைத்தால் பாதை வேறு. வியாபாரப் பெயர்ப் பதிவு, காணி உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம், நில அளவை வரைபடம், பிரதேச சபையின் வியாபார உரிமம், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். எரிபொருள் விற்பது தனி அனுமதிக்கு உட்பட்டது. 2002 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பெற்றோலிய உற்பத்திப் பொருட்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை ஒருமுறை சட்டத்தரணியோடு இருந்து வாசியுங்கள். அதுவரை அயலவருக்கு ஒரு போத்தல்கூடக் காசுக்குக் கொடுக்காதீர்கள்.

மெதனோல்தான் பெரிய இழுபறி. எனக்கு விற்றவர் அடையாள அட்டைப் பிரதியும், என்ன தேவைக்கு என்ற கடிதமும் கேட்டார். கடிதம் இல்லாமல் போன முதல் தடவை கொழும்புக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். போகமுன் தொலைபேசியில் கேளுங்கள். வாங்கினாலும் பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுவர நினைக்காதீர்கள், அது பெற்றோலைப் போல் தீப்பிடிக்கும். விற்பவரின் லொறியிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு ஒரு கிழமை, சில நேரம் இரண்டு கிழமை பிடிக்கும்.

4. செலவுக் கணக்கு

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அளவைத் தருகிறேன், அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த டீசல் ஒரு லீற்றருக்கு: எண்ணெய் 1.1 லீற்றர், மெதனோல் 0.22 லீற்றர், காஸ்டிக் சோடா 6 அல்லது 7 கிராம். 20 லீற்றர் எண்ணெயைச் சூடாக்க, உலர்த்தலும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு யூனிற் மின்சாரம். எண்ணெய் இலவசமாகக் கிடைத்தால் செலவில் பெரும்பகுதி மெதனோலுக்குத்தான். எண்ணெய்க்கே டீசல் விலையில் பாதி கேட்டால் நான் வாங்க மாட்டேன்.

சாமான்களில் மிச்சம் பிடிக்கக்கூடாதவை: 0.1 கிராம் காட்டும் டிஜிற்றல் தராசு, 100 பாகைக்கு மேல் காட்டும் வெப்பமானி, இரசாயனக் கையுறை, கண் மூடும் கண்ணாடி. மூடியும் அடியில் குழாயும் உள்ள 30 லீற்றர் எவர்சில்வர் அண்டா ஒன்று வேண்டும். மூடியின் நடுவில் துளைபோட்டு, கையால் சுற்றும் துடுப்பு ஒன்றை ஒட்டுவேலை (வெல்டிங்) கடையில் செய்வித்தேன். மின் மோட்டர் பூட்ட வேண்டாம். அதன் தீப்பொறியும் மெதனோல் ஆவியும் சந்தித்தால் முடிந்தது கதை. அலுமினியப் பானை, அலுமினியக் கரண்டி எதுவும் கிட்ட வரக்கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும்.

5. எண்ணெயை உலர்த்துங்கள்

என் முதல் தொகுதி பழுதானது இங்கேதான். கலக்கி முடித்து மூடியைத் திறந்தால் அண்டா முழுக்க ஆறிய கூழ் போல மஞ்சளாய் இறுகிக் கிடந்தது. 20 லீற்றரும் சவர்க்காரம். காரணம் தண்ணீர். வடையிலும் கோழியிலும் இருந்த ஈரம் எண்ணெயோடு வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

எண்ணெயை இரண்டு நாள் அசையாமல் வைத்து, அடிமண்டியை விட்டு மேல் எண்ணெயை மட்டும் வேட்டித் துணியால் வடியுங்கள். பிறகு மின் அடுப்பில் 110 பாகை வரை மெதுவாகச் சூடாக்கி அரை மணி நேரம் வையுங்கள். முதலில் சலசலக்கும், சின்னக் குமிழ் வரும், பிறகு அடங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைத் தாச்சியில் விட்டுச் சூடாக்கிப் பாருங்கள். கடுகு வெடிப்பது போலச் சடசடத்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் காற்றே ஈரமாய் இருக்கும். நான் அந்த மாதங்களில் செய்வதில்லை. எண்ணெயை மட்டும் சேர்த்து வைத்து, மாரி முடிய, தை பிறந்த பிறகு தொடங்குவேன். இறைப்பு கூடும் காலமும் அதுதானே.

6. அமிலத்தை அளந்து பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இதுதான். கடைக்குக் கடை, கிழமைக்குக் கிழமை எண்ணெய் மாறும். எத்தனை தரம் பொரித்தார்களோ அத்தனைக்கு அமிலம் கூடும், அதற்கேற்ப காஸ்டிக் சோடாவும் கூட வேண்டும்.

1 லீற்றர் காய்ச்சி வடித்த தண்ணீரில் 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு அளவைக் குழப்பும், பற்றரிக்கு விடும் தண்ணீரை வாங்குங்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பையில் 10 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பைல் அல்ககோல் விட்டு, 1 மில்லிலீற்றர் எண்ணெயைக் கலக்குங்கள். அமிலம் தீர்ந்ததை நிறத்தால் காட்டும் நிறங்காட்டியாக, குறிப்புகளில் பினோப்தலீன் எழுதியிருப்பார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. வீட்டில் இடித்த மஞ்சளை அதே அல்ககோலில் ஊறவைத்து நாலு துளி விட்டேன். வேலை செய்தது. கடைத் தூளில் கலப்படம் இருக்கலாம், கொம்பு மஞ்சளையே இடியுங்கள்.

ஊசி கழற்றிய சிரிஞ்சில் காஸ்டிக் சோடாத் தண்ணீரை எடுத்துத் துளி துளியாக விட்டுக்கொண்டே கோப்பையைச் சுழற்றுங்கள். விழுந்த இடம் மட்டும் சிவந்து, உடனே மஞ்சளுக்குத் திரும்பும். திரும்பும் நேரம் போகப் போக நீளும். ஒரு கட்டத்தில் கோப்பை முழுவதும் ஆலாத்தித் தண்ணீர் போலச் சிவந்து, அரை நிமிடம் அப்படியே நிற்கும். நிறுத்துங்கள். எத்தனை மில்லிலீற்றர் போனதோ, அத்தனை கிராம் காஸ்டிக் சோடா ஒவ்வொரு லீற்றர் எண்ணெய்க்கும் மேலதிகமாக வேண்டும். மூன்று தரம் செய்து சராசரி எடுங்கள்.

கணக்கு இப்படி: அடிப்படை 3.5 கிராம். அளந்தது 2.4 என்றால் 3.5 + 2.4 = 5.9 கிராம். 20 லீற்றருக்கு 118 கிராம். அளந்தது 5 மில்லிலீற்றரைத் தாண்டினால் அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள், சவர்க்காரம்தான் மிஞ்சும். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு கிடைத்தால் அது கரைவதும் சுகம், கழிவு மண்ணுக்கும் நல்லது. அதற்கு அடிப்படை 5.5 கிராம், அளக்கும் கரைசலையும் அதிலேயே செய்ய வேண்டும்.

7. கலக்குங்கள்

வெளியே, மர நிழலில், காற்றோட்டத்தில். கிட்ட அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் கூடாது. மெதனோல் எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுவாலையே தெரியாது. ஒரு வாய் குடித்தால் பார்வை போகும், உயிரும் போகலாம், தோலாலும் உள்ளே போகும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பூட்டிய இடத்தில், பெரிதாகப் பெயர் எழுதி வையுங்கள். குடிதண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று எழுதிய தடித்த பிளாஸ்ரிக் கானில் 4 லீற்றர் மெதனோலை விட்டு, நீங்கள் கணக்கிட்ட காஸ்டிக் சோடாவை (மேலே உள்ள கணக்கில் 118 கிராம்) கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கான் சுடும். மூடி, ஆட்டி, மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டு, மறுபடி ஆட்டுங்கள். சோடாவில் ஒரு துணுக்கும் கரையாமல் கிடக்கக்கூடாது, அரை மணி நேரம் பிடிக்கும்.

எண்ணெயை 55 பாகைக்குச் சூடாக்கி, அடுப்பை நிறுத்தி, வயரைக் கழற்றி, அண்டாவை அடுப்பில் இருந்து தூர எடுத்த பிறகுதான் இந்தக் கலவையை ஊற்ற வேண்டும். 65 பாகைக்குக் கிட்டப் போனால் மெதனோல் கொதித்து ஆவியாகும். சாக்கால் அண்டாவைச் சுற்றிச் சூட்டைக் காத்து, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சுற்றுங்கள். தொதல் கிண்டுவது போல இரண்டு பேர் மாறி மாறிச் செய்தால்தான் கை தாங்கும்.

8. பிரிப்பதும் சுத்தப்படுத்துவதும்

இரவு முழுக்க விடுங்கள். காலையில் அடிக் குழாயைத் திறந்தால் முதலில் கறுப்புக் கோப்பி போலத் தடித்த கிளிசரின் வரும், 3 அல்லது 4 லீற்றர். நிறம் தேன் போல மாறும் கணத்தில் குழாயை மூடுங்கள்.

இனித்தான் நான் மிகவும் வற்புறுத்துவது. குறிப்புகள் எல்லாம் ‘தண்ணீரால் கழுவு’ என்கின்றன. 20 லீற்றரைக் கழுவினால் அதைவிடக் கூடுதலாகப் பால்போன்ற தண்ணீர் மிஞ்சும். அதில் சவர்க்காரம், காஸ்டிக் சோடா, மெதனோல். அதை எங்கே ஊற்றுவது? நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. நிலத்தடியில் ஓட்டை ஓட்டையாய்ச் சுண்ணாம்புக்கல். பின்வளவில் ஊற்றியது அயல்வீட்டுக் கிணற்றில் ஏறும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனம் பவுசர்த் தண்ணீருக்குக் காத்திருந்ததை நாம் பார்த்தோம். டீசலுக்காக அதை இன்னொரு முறை நாமே செய்யக்கூடாது. ஆகவே தண்ணீரே இல்லாத முறைக்கு மாறினேன்.

கிளிசரின் எடுத்த டீசலை அகன்ற வாயுள்ள பாத்திரத்தில், வெளியே, நிழலில் வைத்து, மீன்தொட்டிக் காற்றுப் பம்பின் நீண்ட ரியூப்பால் இரண்டு நாள் குமிழ் விடுங்கள். பம்பு பாத்திரத்தில் இருந்து தூரத்தில், உயரத்தில் இருக்க வேண்டும். மெதனோல் போகப் போக, கரைந்திருந்த சவர்க்காரம் அடியில் படியும். மூன்று நாள் அசையாமல் விட்டு, மேலே உள்ளதை, மரக்காலையில் வாங்கிய காய்ந்த மரச்சீவல் இறுக்கிய குழாய் ஒன்றின் ஊடாக மெதுவாக வடியுங்கள். கடைசியில் 18 லீற்றர் அளவில் கிடைக்கும். தொடக்கத்தில் இருந்து எண்ணினால் ஒரு தொகுதிக்கு ஒன்பது பத்து நாள்.

எண்ணெய் ஊறிய சீவலையும் துணியையும் குவித்து வைக்காதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். கிளிசரினை எரிக்க வேண்டாம், குறைந்த சூட்டில் நச்சுப் புகை வரும். சில நாள் திறந்து வைத்து மெதனோல் போன பிறகு, கிறீஸ் கை கழுவ கராஜ்காரர் எடுப்பார்கள். காஸ்டிக் சோடாவில் செய்த கிளிசரினைத் தோட்ட மண்ணில் போடாதீர்கள். சோடியம் தங்கிவிடும், ஏற்கெனவே நம் கிணறுகள் பலவற்றில் உவர்.

9. இரண்டு சோதனை

ஒரு போத்தலில் 27 மில்லிலீற்றர் மெதனோலும் 3 மில்லிலீற்றர் டீசலும் விட்டு ஆட்டுங்கள். தெளிவாய் இருந்தால் சரி. அடியில் எண்ணெய் படிந்தால் வினை முடியவில்லை. அடுத்து, பாதி டீசல், பாதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் இரண்டும் தெளிந்து பிரிய வேண்டும். மோர் போல நடுவில் நின்றால் சவர்க்காரம் இன்னும் இருக்கிறது. இரண்டில் ஒன்று தவறினாலும் இஞ்சினுக்கு விடாதீர்கள்.

10. இஞ்சினில் விடுதல்

முதல் மாதம் 20 சதவீதம் மட்டும், மிச்சம் கடை டீசல். பயோடீசல் சாதாரண இறப்பர் ரியூப்பை மெதுமெதுவாக ஊதிப்போகச் செய்யும். கிழமைக்கு ஒரு தடவை ரியூப்பை அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தால் மாற்றுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் சேமிக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் முடியுங்கள், கானில் செய்த திகதியை எழுதுங்கள். லீற்றருக்குச் சக்தி பத்தில் ஒரு பங்கு அளவில் குறைவு, இறைக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது அதையும் சேருங்கள்.

பழைய டாங்கியின் உள்ளே வருடக்கணக்காய்ப் படிந்த அழுக்கை இது கழுவிக்கொண்டு போய் பில்டரில் சேர்க்கும். ஆகவே முதல் இரண்டு டாங்கி ஓடி முடியும்வரை புது பில்டர் ஒன்றையும் அதைக் கழற்றும் சாவியையும் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். எங்கள் லான்ட்மாஸ்டர் பாதி உழவில், ஈரத் தறைக்கு நடுவே நின்றபோது கையில் பில்டர் இல்லை. சுன்னாகம் போய் வாங்கி வருவதற்குள் வெயில் ஏறி மண் காய்ந்துவிட்டது, அன்றைய நாற்றை மறுநாள்தான் நட்டோம்.